கண்வலிக்கிழங்கு: அடையாளம் தெரிந்து பயிரிடுங்கள்

ஐப்பசி மாதத்திலே தாராபுரத்திலிருந்து மூலனூர் பக்கமாகப் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பியிலும் குச்சியிலும் ஏறிப் படர்ந்த பச்சைக்கொடி. அதன்மேல் தீச்சுடர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற சிவப்பும் மஞ்சளுமான பூ. அதுதான் கண்வலிக்கிழங்கு. செங்காந்தள் என்பதும் இதுவே. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். நமது திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம், குண்டடம், வெள்ளகோவில் சுற்று வட்டாரத்திலும், அடுத்தாற்போல் ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கங்களிலும் இதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரரு விதை வித்து கிணத்துக்கு மோட்டாரே மாத்திப்புட்டாருங்க, நானும் போடலாமுங்களா?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். போடலாம். நம்முடைய செம்மண்ணுக்கும், குறைந்த மழைக்கும் ஏற்ற பயிர்தான். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தக்காளியோ வெங்காயமோ விலை போகாவிட்டால் வீட்டிலே குழம்பு வைக்கலாம், மாட்டுக்குப் போடலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது. இலை, தண்டு, பூ, காய், விதை, கிழங்கு எல்லாமே விஷம். கிழங்கும் விதையும் கடும் விஷம். ஆகவே பயிரிடுகிறவர் மட்டுமல்ல, அந்த வீட்டிலே இருக்கிற ஒவ்வொருவரும், அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்தச் செடியை எந்தப் பருவத்தில் பார்த்தாலும் இன்னதென்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அடையாளத்தை முதலில் சொல்லிவிட்டுச் சாகுபடிக்கு வருகிறேன்.

வேலியிலே பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் கொறங்காடுகளின் முள்கிளுவை வேலியிலே இது தானாகவே முளைத்து ஏறும். ஆடி மழை விழுந்ததும் தரையிலிருந்து விரல் கனத்தில் பச்சைத் தண்டு ஒன்று நேராக எழும்பி வரும். இலைக்குக் காம்பு கிடையாது. தண்டோடு ஒட்டியே இருக்கும். ஈட்டி முனை போல நீண்டு, நரம்புகள் எல்லாம் மூங்கில் இலை மாதிரி நீளவாக்கில் ஓடும். இலையின் நுனியைப் பாருங்கள். நுனி மெலிந்து, நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இலை நுனியே பற்றுக்கம்பியாக மாறுகிறது. இதுதான் முக்கிய அடையாளம்.

கோவைக்கொடியிலும் பிரண்டையிலும் பற்றுக்கம்பி உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அவற்றில் பற்றுக்கம்பி தண்டின் கணுவிலிருந்து தனியாகப் புறப்படும். முடக்கத்தானில் பூக்காம்பிலிருந்து வரும். நம் பக்கத்து வேலிகளில் ஏறுகிற கொடிகளில் இலை நுனியே சுருண்டு பிடிப்பதைப் பார்த்தால் அது கண்வலிக்கொடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: முளைத்த புதிதில் அடி இலைகளில் இந்தச் சுருள் இருக்காது. கொடி மேலே ஏறத் தொடங்கிய பிறகு வரும் இலைகளில்தான் காணும். ஆகவே சின்ன முளையைப் பார்த்து "சுருள் இல்லையே, இது அது இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழும் பின்பக்கமாக மடிந்து மேலே நிமிரும். ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். முதலில் பச்சை, பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறப் பூவையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை வரிசையாகச் சொன்னபோது முதலில் வைத்தது காந்தளைத்தான். அழகு அப்படி!

பூவைப் பார்த்தாலே கண் வலி வரும் என்று நம் ஆத்தாமார்கள் குழந்தைகளை விரட்டுவார்கள். பார்ப்பதால் கண்ணுக்கு ஒன்றும் வராது. ஆனால் அந்தப் பேச்சு எத்தனையோ பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாமல் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம். அதைப் பொய் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள், "பார்க்கலாம், பறித்து வாயில் வைக்கக் கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கிழங்காகக் கிடக்கும்போதுதான் ஆபத்து

மாசி, பங்குனியிலே கொடி காய்ந்து மறைந்துவிடும். இலை இல்லை, பூ இல்லை. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். கொத்தும்போதும் உழும்போதும் வெளியே வரும். அல்லது நடவுக்கு வாங்கி வந்த கிழங்கு சாக்கிலே மோட்டார் ரூமில் கிடக்கும். இந்த நேரத்தில்தான் தெரியாதவர் கையில் இது சிக்குகிறது. சர்க்கரைவள்ளி என்றும், காட்டு வள்ளி என்றும் நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் உண்டு. இலங்கையிலே, சிங்களத்தில் நியங்கலா என்று சொல்லும் இதே கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணிச் சாப்பிட்டு உயிரிழந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் பல ஆண்டுகளாகவே எழுதி வந்திருக்கிறார்கள்.

கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கிளையாகப் பிரிந்து ஆங்கில 'வி' எழுத்து மாதிரியோ, 'எல்' எழுத்து மாதிரியோ இருக்கும். மேல்தோல் வெளிர் பழுப்பு, வழுவழுப்பு. ஒடித்தால் சட்டென்று ஒடியும், உள்ளே வெள்ளை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்கண் இருக்கும்.

காட்டு வள்ளிக் கிழங்கில் மேலெல்லாம் மயிர் மாதிரி வேர் இருக்கும். அதன் கொடி இதய வடிவ இலையோடு தண்டாலேயே சுற்றி ஏறும். சர்க்கரைவள்ளி ஒரே உருண்டையாக நடு பருத்து இருக்கும். கீறினால் பால் வரும். தண்ணீர்விட்டான் கிழங்கு நம் வேலியிலே இதற்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் அதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுரக்க என்று அதைத் தோண்டி எடுக்கிறார்கள் அல்லவா? தண்ணீர்விட்டான் கொடியில் ஊசி ஊசியான இலையும் முள்ளும் இருக்கும். கிழங்கு ஒன்றிரண்டாக இராது. விரல் விரலாகக் கொத்தாக, இரண்டு முனையும் கூர்த்துத் தொங்கும். தோண்டுகிற இடத்தில் இரண்டு கொடியும் பின்னிக் கிடந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். வேறு வேலியில் கிடைக்காமலா போகும்?

கிழங்கு துண்டாகிவிட்டால் கலப்பை வடிவம் தெரியாது. அப்போது அடையாளம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கண்வலி போட்ட காட்டிலிருந்து வந்த எந்தக் கிழங்கையும் சமையலறைக்குள் விடாதீர்கள். வேகவைத்தாலும், காயவைத்தாலும், நாள்பட வைத்தாலும் இதன் விஷம் போகாது.

இப்போது நம் ஊர்களிலே பனியன் கம்பெனிக்கும், கோழிப் பண்ணைக்கும், தோட்ட வேலைக்கும் வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். தோட்டத்துச் சாளையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இந்தக் கிழங்கை அவர்களுக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தியிலே இதற்குக் கலிஹாரி என்று பெயர். கிழங்கைக் காட்டி, "கலிஹாரி, விஷம்" என்று சொன்னால் போதும், விளங்கிக்கொள்வார்கள்.

விஷத்துக்கு எதற்கு விலை?

இதில் இருக்கிற சரக்குக்குக் கோல்ச்சிசின் என்று பெயர். ஐரோப்பாவிலே கோல்ச்சிகம் என்ற வேறொரு கிழங்குச் செடியிலிருந்து 1820-இல் பெல்லட்டியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தார்கள். கால் பெருவிரல் மூட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி வருமே, டாக்டர்கள் கௌட் என்பார்கள், அதற்கு இது மருந்து. இதயத்துக்கும் இப்போது பயன்படுகிறது. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொடுக்கலாம் என்று 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது. விதையில்லாத் தர்ப்பூசணி உண்டாக்குவதற்கும் இதே சரக்குத்தான் உதவியது. நம் கண்வலி விதையிலும் இது நிறைய இருப்பதால் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன.

0.5 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கிராமை இரண்டாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு. மருந்தின் அளவு அது. மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு கிழங்கைத் தின்கிறவர் அந்த இடைவெளியை ஒரே வாயில் தாண்டிவிடுகிறார்.

அது உடம்பில் என்ன செய்கிறது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். நிட்டிங் மிஷினில் நூல் வராவிட்டால் துணி இறங்காமல் நின்றுவிடும் அல்லவா? நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய இழைகள் உண்டாகி இழுத்துப் பிரிக்கின்றன. கோல்ச்சிசின் அந்த இழைகளை உண்டாக விடுவதில்லை. செல் பிரிவது நின்றுவிடும். எங்கே செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கேதான் முதல் அடி விழும். குடலின் உட்தோல், இரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். அதனால்தான் முதலில் வாந்தி பேதி. பிறகு இரத்த அணுக்கள் குறைவது. பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து முடி கொத்தாக உதிர்வது.

சாகுபடி

மண்: தண்ணீர் தேங்காத செம்மண், சரளை கலந்த செம்மண். கரிசலும் களிமண்ணும் வேண்டாம், கிழங்கு அழுகிவிடும். ஆண்டுக்கு 70 சென்டிமீட்டர் மழை போதும். ஆடி, ஆவணிதான் பட்டம்.

விதை போட்டும் முளைக்க வைக்கலாம். ஆனால் பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். ஆகவே கிழங்குதான் நடவு. ஒவ்வொன்றும் 50, 60 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சின்னக் கிழங்கு கொடியாகும், பூக்காது. நுனியிலே இருக்கிற முளைக்கண்தான் உயிர். அது உடைந்தால் அந்தக் கிளை முளைக்காது. சாக்கிலே திணித்து லாரியில் உருட்டிக் கொண்டுவந்த கிழங்கை எடையைப் பார்த்து வாங்காதீர்கள், கண்ணைப் பார்த்து வாங்குங்கள். இந்தச் சாகுபடியிலே பெரிய செலவே கிழங்குதான்.

நிலத்தை இரண்டு மூன்று உழவு உழுது ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் போடுங்கள். ஓரடி ஆழத்துக்குச் சால் பறித்து, சாலுக்குச் சால் நாலடி, கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி விட்டு நட்டால் ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கிழங்கு, எடையில் சுமார் 400 கிலோ ஆகும். நெருக்கி ஓரடியில் வைத்தால் 600 கிலோ. நடும் முன்னே கார்பென்டசிம் பூசணக்கொல்லியை லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து அதில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுங்கள்.

ஏக்கருக்குத் தழைச்சத்து 48 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல் சத்து 30 கிலோ என்பது கணக்கு. மணியும் சாம்பலும் முழுக்க அடியுரம். தழைச்சத்தில் பாதி அடியுரம், மீதியை ஒரு மாதத்திலும் இரண்டு மாதத்திலும் பிரித்துப் போட வேண்டும். யூரியாவாகப் பார்த்தால் 45 கிலோ மூட்டையிலே மொத்தம் இரண்டேகால் மூட்டைக்குச் சற்று மேல். நட்டதும் ஒரு தண்ணீர். பிறகு ஐந்து நாளைக்கு ஒரு தண்ணீர். மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள்.

கொடி ஏற ஏதாவது வேண்டும். முள்கிளுவைக் குச்சியைச் சால் நெடுக நட்டுவிட்டால் அது தழைத்து உயிர்வேலியாகவே நிற்கும். விராலிக் குச்சியும் ஆகும். வசதியுள்ளவர்கள் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கலாம். கொடியின் நுனி மிகவும் மெல்லியது. காற்றில் ஆடி நுனி ஒடிந்தால் அந்தக் கொடியின் பூ போச்சு. சணல் கயிறு அறுக்கும். பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

கறுப்பு உடம்பிலே வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு ஒன்று இலையைத் தின்னும். இவ்வளவு விஷத்தையும் தின்று அது மட்டும் கொழுகொழுவென்று இருக்கும்! ஆரம்பத்திலேயே கையுறை போட்டுப் பொறுக்கி அழித்தால் மருந்துச் செலவு மிச்சம். பூசணத்தால் இலைக்கருகலும் கிழங்கு அழுகலும் வரும். ஐப்பசி அடைமழையில் இலை கருக ஆரம்பித்தால் கருகிய இலை ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். பழைய கைப்புத்தகங்களைப் பார்த்து நீங்களாக மருந்து வாங்க வேண்டாம். அவற்றில் எழுதியிருக்கிற சில மருந்துகளுக்கு இப்போது தடை.

காலை எட்டிலிருந்து பதினொன்று வரை

இந்தப் பயிரின் லாப நஷ்டம் மகரந்தச் சேர்க்கையிலேதான் இருக்கிறது. பூவைக் கவனித்துப் பாருங்கள். ஆறு மகரந்தக் காம்பும் குடைக்கம்பி மாதிரி வெளியே விரிந்திருக்கும். சூல்தண்டோ அடியிலேயே செங்குத்தாக மடிந்து ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழாதபடி இயற்கை செய்திருக்கிற ஏற்பாடு அது. வேலியிலே ஒன்றிரண்டு கொடி இருந்தால் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் அந்த வேலையைச் செய்துவிடும். ஏக்கர் கணக்கில் பூத்தால் அவை எங்கே போதும்? பூ அத்தனையும் சிவந்து, காய் பிடிக்காமல் கொட்டிவிடும்.

ஆகவே கையால்தான் செய்ய வேண்டும். காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியிலே தொட்டு வைக்க வேண்டும். மென்மையான தூரிகையாலும் தொடலாம். அடுத்த கொடியின் பூவிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. வெயில் ஏறிவிட்டால் பிடிப்புக் குறையும். பூ ஒரே நாளில் பூத்து முடிவதில்லை. புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை வரைக்கும் தினமும் புதுப்பூ வந்துகொண்டே இருக்கும். தினமும் போய்த்தான் ஆக வேண்டும். மழை பெய்கிற காலை வீண்.

இங்கேதான் நம் பகுதிக்கே உரிய சிக்கல் வருகிறது. காலையிலே பனியன் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஆள்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. எட்டு மணிக்கு ஊரிலே இருப்பது வயசானவர்களும் பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைகளும்தான். கம்பெனியிலே வருஷம் முழுக்கக் கூலி உண்டு. நீங்கள் கொடுப்பதோ இரண்டு மாதத்துக்கு, அதுவும் காலையிலே மூன்று மணி நேரத்துக்கு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே "எத்தனை ஏக்கர் போடலாம்?" என்று கேட்டால், நிலத்தையும் தண்ணீரையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அந்த மூன்று மணி நேரத்துக்கு நம்பிக்கையாக வருகிற கைகளை எண்ணிப் போடுங்கள் என்பேன். முதல் வருஷம் அரை ஏக்கருக்கு மேல் போக வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளை மட்டும் இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். மகரந்தப் பொடி ஒட்டிய கையோடு வாயில் வைத்துவிடுவார்கள்.

பெரியவர்களும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றுப் போசியைத் தொடக் கூடாது. அந்தக் கையோடு வெற்றிலை பாக்கு, பீடி எதுவும் ஆகாது.

அறுவடையும் பாதுகாப்பும்

நட்டு 160 முதல் 180 நாளில், தை மாசியில், காய் கரும்பச்சையாகித் தொட்டால் லேசாக இருக்கும். அப்போது பறித்து நிழலிலே பரப்பினால் ஒரு வாரம் பத்து நாளில் வெடித்து உள்ளே சிவப்பு விதை தெரியும். விதையையும் தொலியையும் பிரித்து, சுத்தமான களத்திலே நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடித்து விலை போகாது. நன்றாகப் பராமரித்த காட்டில் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ விதை எதிர்பார்க்கலாம். தொலியும் 60, 80 கிலோ தேறும். அதையும் வியாபாரிகள் வாங்குகிறார்கள். ஒரு தடவை நட்ட கிழங்கு ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் பலன் கொடுக்கும்.

விதை பிரிக்கிற வேலை தூசி பறக்கிற வேலை. கையுறையும், முகத்துக்குத் துணியும் கட்டாயம். அந்தக் களத்திலே அதே நாளில் சோளமோ கம்போ காயப் போடாதீர்கள். விலை வரட்டும் என்று நிறையப் பேர் விதையை வீட்டிலே மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். காய்ந்த விதை மிளகு மாதிரி உருண்டை. அதைப் பருப்பு மூட்டைக்குப் பக்கத்திலே வைப்பதா? பூச்சிமருந்தை வைப்பதுபோலத் தனி அறையில் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கொடியையும் குப்பையையும் மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போடாமல் அந்தக் காட்டு ஓரத்திலேயே குழி தோண்டி மூடிவிடுங்கள். செம்மறியும் வெள்ளாடும் மேய்கிற கொறங்காட்டு வேலியை ஒட்டி இதை நட வேண்டாம். காங்கயம் காளை ஒன்றின் விலைக்கு எத்தனை கிலோ விதை விற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறிப்போய் யாராவது தின்றுவிட்டால்

இரண்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வாயும் தொண்டையும் எரியும். வாந்தி, வயிற்றுவலி, தண்ணீராகப் பேதி. பார்ப்பதற்கு வாந்திபேதி வியாதி மாதிரியே இருக்கும். உப்புக்கரைசல், புளித்தண்ணீர், மோர் என்று வீட்டிலே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கடையில் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலே வயிற்றிலுள்ளதை நீக்கி, உப்பும் நீரும் ஏற்றி, இருதயத்தையும் சிறுநீரகத்தையும் நாள்கணக்கில் கவனித்தால்தான் பிழைக்க வழி. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வாயில் வைத்தது தெரிந்தவுடனேயே, வாந்தி வரும் வரைக்கும் காத்திராமல், 108-க்குச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தின்றதில் மிச்சம் இருந்தால், கிழங்கோ இலையோ, ஒரு பையிலே போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "கண்வலிக்கிழங்கு தின்றுவிட்டார்" என்று வாசலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மறுநாள் வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. உறுப்புகள் கெடுவதும் இரத்தம் குறைவதும் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

பிரசவம் சுலபமாகும் என்றும், கர்ப்பம் கலையும் என்றும் சொல்லி இந்தக் கிழங்கைப் பெண்களுக்குக் கொடுக்கிற பழக்கம் சில இடங்களில் இருந்தது. இன்றைக்கும் யாராவது கைப்பக்குவம் என்று கொண்டுவந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இது உண்டு என்பது உண்மை. ஆனால் மருந்துச் சட்ட விதிகளிலேயே நச்சுப் பொருள் பட்டியலில் வைத்துத்தான் அதை அனுமதித்திருக்கிறார்கள். முறைப்படி படித்த வைத்தியர் சுத்தி செய்து கொடுப்பது வேறு. வேலியிலே பிடுங்கி அரைப்பது வேறு.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இது கடலைக்காய், தேங்காய் மாதிரி எந்தச் சந்தையிலும் விற்கிற சரக்கு அல்ல. பெரும்பாலும் தனி வியாபாரிகள்தான் வாங்குகிறார்கள். வெளிநாட்டுத் தேவை கூடினால் விலை ஏறும், குறைந்தால் சரியும். ஒரு வருஷத்து விலையை நம்பி அடுத்த வருஷம் கடன் வாங்கிப் பரப்பைக் கூட்டியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதுண்டு. கிழங்கு வாங்குவதற்கு முன்னாலேயே இரண்டு மூன்று வியாபாரிகளைப் பார்த்து, விதையின் ஈரப்பதம் எவ்வளவு கேட்கிறார்கள், தொலிக்குத் தனி விலை உண்டா, பணம் எப்போது என்று பேசிவையுங்கள். கூட்டாக விற்கிற உழவர் குழு இருந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கிழங்கு தேடுகிற காலம் வைகாசி, ஆனி. அதற்குள் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நடை போய், மருந்துப் பயிர்த் துறையிலே கேட்டுக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். போகும்போது உங்கள் காட்டு மண்ணில் ஒரு அரைக் கிலோ எடுத்துப் போங்கள். தண்ணீர் வடியுமா, கார அமிலத் தன்மை ஆறிலிருந்து ஏழுக்குள் இருக்கிறதா என்பது கிழங்கு வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.